எட்டு முழக் கூண்டு

"இனிமேல் இந்தக் கொல்லையில் ஒரு குருவியின் இறகுகூடக் கீழே விழாது. இது என் சபதம்!"

சின்னக் காஞ்சிபுரத்து டிராயிங் மாஸ்டர் சம்பத்குமார் ஐயங்கார் காலங்கார்த்தாலே கொல்லை நடுவில் நின்று இப்படி முழங்கியபோது, அதைக் கேட்கக் கிடைத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பக்கத்து வீட்டுப் பாச்சா. மதிலுக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது. மற்றவள் மாஸ்டரின் மனைவி ஹேமாம்புஜம். ஒரு கையில் கறுப்புக் குடையும் மறு கையில் மூங்கில் கோலுமாக, பழைய வேஷ்டியில் பிழிந்து வைத்த வடாத்துக்கு அவள் காவல் இருந்தாள்.

மாஸ்டர் கையில் ஒரு சின்னஞ்சிறு இறகு இருந்தது. நேற்று மாலை வரை அது ஒரு தினைக்குருவியின் மேல் இருந்த இறகு.

போன மாதம் பரீட்சை வேலையாகச் சென்னைப் பட்டணம் போனவர், வேலையை முடித்துக்கொண்டு நேரே ரயிலேறியிருக்கலாம். விதி யாரை விட்டது? மூர் மார்க்கெட் பக்கம் போனார். அங்கே மூங்கில் கூண்டுக்குள் சிவப்பும் புள்ளியுமாகத் தினைக்குருவிகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு ஜோடிக் கிளி. பிள்ளைகளுக்குக் கிளிப் படம் போடச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர் அவர். நிஜக் கிளி ஒன்று தலையைச் சாய்த்து அவரைப் பார்த்ததும் மனிதர் குழந்தையாகிவிட்டார். கூண்டும் கையுமாக வீடு வந்து, கொய்யாமரத்தில் அதைத் தொங்கவிட்டார். பூனை, கீரி, காக்கை என்று ஊரில் உள்ள அத்தனை வாயும் அந்தக் கொய்யாமரத்தின் கீழ் வந்து சேர்ந்தது.

"ஓய் பாச்சா, இது உம்மாத்துப் பூனை வேலைதான்!"

"எங்காத்துப் பூனை தயிர்சாதம் சாப்பிடற பூனைங்காணும். அபாண்டம் பேசாதேயும்."

"அதோட மீசையில இறகு ஒட்டிண்டிருந்துதே, நானே பார்த்தேனே!"

"அது தலகாணிப் பஞ்சு."

மேலே பேச மாஸ்டரால் முடியவில்லை. காரணம் இருந்தது. பாச்சா தென்கலை. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல், நாம் சும்மா கிடந்தாலே பகவான் நம்மைக் கரையேற்றிவிடுவார் என்பது அவர்கள் கட்சி. மாஸ்டர் வடகலை. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வதுபோல் நாம்தான் பகவானைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது இவர்கள் கட்சி. ஆகவே பூனையைத் திட்டினால் பாச்சாவுக்குச் சம்பிரதாயக் கோபம் வரும். குரங்கை விரட்டினால் மாஸ்டருக்கே மனசு கூசும். கருடன் மட்டும் இரண்டு கலைக்கும் பொது. ஆகாயத்தில் கருடன் வட்டமிட்டால் இருவரும் எங்கே இருந்தாலும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

மாஸ்டரின் மனசு கூசியதால் நஷ்டப்பட்டவள் ஹேமாம்புஜம்தான். போன கோடையில் கோயிலிலிருந்து வந்த ஒரு கடுவன் குரங்கு, வடாத்தை வேஷ்டியோடு தூக்கிக்கொண்டு மதிலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"ஏன்னா, விரட்டுங்கோளேன்!" என்று அலறினாள் அவள்.

"நம்ம சம்பிரதாயத்துக்கே திருஷ்டாந்தம்டி அது. கல்லால அடிக்கலாமோ?"

"அப்போ வடாத்துக்குக் கம்பிவலை போட்டு ஒரு பந்தலாவது கட்டிக் குடுங்கோ. வருஷா வருஷம் வெயில்ல நின்னு நான்னா கறுத்துப் போறேன்."

"நன்னாருக்கு! வடாத்துக்கு யாராவது அரண்மனை கட்டுவாளோ?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. ஹேமாம்புஜம் பதில் சொல்லாவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைப்பது மாஸ்டரின் வழக்கம். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆகியும் அந்த வழக்கம் அவரை விடவில்லை.

சபதம் செய்த அன்று சாயங்காலமே கூடத்தில் பெரிய காகிதத்தை விரித்துப் படம் போட ஆரம்பித்தார். ஹேமாம்புஜம் மோர்த் தம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னன்னா இது, கோயில் தேரா?"

"கூண்டுடி. கொல்லையிலே நிரந்தரமா நிக்கப் போற கூண்டு. பூனை, கீரி, பாம்பு, காக்கா, எதுவும் உள்ளே வர முடியாது."

"இத்தனூண்டு போட்டிருக்கேளே. குருவி சிறகடிக்க வேண்டாமோ? நீளம் எட்டு முழம் இருக்கட்டும்."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பறவை வந்த நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் இப்படிப் பேசினால் யாருக்குத்தான் குளிராது? காகிதத்தில் உடனே எட்டு முழம் ஆயிற்று.

"மேலே ஓடு வேய்ஞ்சுடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

"ஐயையோ, வெயில் படாட்டா வாயில்லா ஜீவனெல்லாம் நடுங்கிப் போயிடும். மேலேயும் வலையே போடுங்கோ. மழைக்கு ஓரமா ஒரு தட்டி சாத்தினாப் போறும்."

"அதுவும் சரிதான்."

"தீனியைத் தரையில போட்டா எறும்பு மொய்க்கும். இடுப்பு உசரத்துக்கு மூங்கில்ல ஒரு பரண் போட்டுடுங்கோ. உங்களுக்கும் குனிய வேண்டாம்."

"பரண் எவ்வளவு நீளம்?"

"அதுவும் எட்டு முழமே இருந்துட்டுப் போகட்டுமே" என்று சொல்லிவிட்டு, காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் தச்சன் பழனி வந்தான். நெசவாளர் தெருக்களுக்குத் தறி செய்து கொடுப்பவன். படத்தை ஒரு முறை பார்த்தான், கொல்லையை ஒரு முறை பார்த்தான், மாஸ்டரை இரண்டு முறை பார்த்தான்.

"இன்னா சாமி, குருவிக் கூண்டுன்னு சொல்லிட்டு ஒரு தறியே எறக்கற அளவு காட்டறீங்க?"

"பறவை சிறகடிக்க வேண்டாமாப்பா?"

"அது சரி. ஊட்ல பொண்டாட்டி புள்ள படுக்க எடம் இல்லாம நாங்க கெடக்கறோம், குருவி காலு நீட்டிக்கினு தூங்கப் போவுது. ஓங்க இஷ்டம், சாமி!"

சொல்லிவிட்டானே தவிர, வேலையில் குறை வைக்கவில்லை. கால்மரங்களுக்கு மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பிரித்துச் சுற்றி அடித்தான். அதில் பூனை ஏறினால் வழுக்கும். கீரியும் பெருச்சாளியும் குடைந்து வராமலிருக்க, சுற்றிலும் பள்ளம் தோண்டி முழங்கால் ஆழத்துக்கு வலையைப் புதைத்தான். பாம்புக்குட்டிகூட நுழைய முடியாத பொடிக்கண் வலை. வாசலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு. முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்திக்கொண்ட பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இந்த இரட்டைக் கதவு மாஸ்டரின் சொந்த யோசனை. ஆகையால் வந்தவர் போனவருக்கெல்லாம் அதைத் திறந்து சாத்திக் காட்டினார்.

பாச்சா வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"ஓய், நன்னாத்தான் கட்டியிருக்கீர். இவ்வளவுக்கும் மீறி ஒரு பறவை போச்சுன்னா, அப்பவும் என் பூனையைத்தான் சொல்லுவீரோ?"

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "போகாதுங்காணும்! ஒரே ஒரு பறவை கைவிட்டுப் போனாலும் சரி, அப்புறம் இந்த ஜன்மத்துல நான் பறவையே வளர்க்கறதில்லை. தேவப்பெருமாள் ஆணை!"

ஹேமாம்புஜம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, பெருமாள் பேர்ல ஆணை வைக்கறேளே, யோசிச்சுத்தான் சொல்றேளா?"

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அதானே" என்று சொல்லி அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சில நாட்கள் மாஸ்டரின் வாழ்க்கையிலேயே பொற்காலம். பாச்சாவின் பூனை வந்தது, தகரத்தில் ஏறியது, வழுக்கி விழுந்தது, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. கடுவன் குரங்கு கூரைமேல் ஏறிக் குலுக்கிப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கே திரும்பிவிட்டது. காக்கைகள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து பெருமூச்சு விட்டன. உள்ளே குருவிகள் எட்டு முழமும் பறந்தன. கிளிகள் பரண்மேல் உலா வந்தன. மாஸ்டர் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடோடி வந்து கூண்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து ஹேமாம்புஜமே பார்த்ததில்லை. அவளுக்கும் உள்ளூர ஒரு கணம் மனம் இளகியது உண்மை. அன்றைக்குப் பார்த்து அவளுடைய இலை வடாத்தை அணில் கொறித்திருந்தது. இளகிய மனம் திரும்ப இறுகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் சொன்னாள்:

"ஏன்னா, பாவம், அதுகள் உட்கார ஒரு நல்ல கொம்பு இல்லையே. பாச்சா மாமா ஆத்து வேப்பமரத்தை வெட்டியிருக்கா. நீளமா ஒண்ணு கொண்டு வந்து வையுங்களேன்."

நியாயமான பேச்சு. மாஸ்டர் போய் ஒரு கொம்பை இழுத்துக்கொண்டு வந்தார். நல்ல நீளம். முதல் கதவைத் திறந்து நுழைந்தார். கொம்பின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அந்தக் கதவைச் சாத்த முடியவில்லை. இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த இடம் மாஸ்டரின் அளவுக்குத்தான் இருந்தது, வேப்பங்கொம்பின் அளவுக்கு இல்லை. 'ஒரு நிமிஷம்தானே' என்று இரண்டாவது கதவையும் திறந்தார். கொம்பைத் தோளில் வைத்து, வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டு, மெள்ள மெள்ள உள்ளே நகர்ந்தார்.

"ஏன்னா! கருடன்! கருடன்! சேவிச்சுக்கோங்கோ!"

பரம்பரை பரம்பரையாக வந்த உடம்பு அது. கருடன் என்ற சொல் காதில் விழுந்ததும் கண்கள் தாமாக மூடின. கைகள் தாமாகக் கன்னத்துக்குப் போயின. கொம்பு தானாகக் கீழே விழுந்தது. விழுந்த சத்தத்தில் மாஸ்டர் துள்ளி ஒதுங்கினார். விர்ரென்று காதோரமாகக் காற்று போயிற்று. 'கருடனின் சிறகுக் காற்று, என்ன பாக்கியம்!' என்று மெய்சிலிர்த்து இன்னும் இரண்டு முறை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது கூண்டில் மாஸ்டர் மட்டும்தான் இருந்தார்.

குருவிகள் கொய்யாமரத்தில் இருந்தன. கிளிகள் மதிலில் இருந்தன. பாச்சாவின் தலையும் மதிலில் இருந்தது.

"ஓய், என் பூனை ஆத்துக்குள்ளே தூங்கிண்டிருக்கு. சொல்லிட்டேன்" என்றது அந்தத் தலை.

அன்று மாஸ்டர் சாப்பிடவில்லை. கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஆணையோ பெருமாள் பேரில் வைத்தாயிற்று. திரும்பப் பிடிக்கவும் வழியில்லை, புதிதாக வாங்கவும் வழியில்லை. ஹேமாம்புஜம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போறது விடுங்கோ. அதுகளுக்கு ஒரு குறைவும் இல்லை. தினமும் மதில்மேல தினை தூவறேன். எங்கே போயிடப் போறது?"

சொன்னபடியே மறுநாள் விடிந்ததும் தூவினாள். குருவிகளும் வந்தன. அதைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டுதான் மாஸ்டர் பள்ளிக்கூடம் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. கறுப்புக் குடை ஆணியில் தொங்கியது. மூங்கில் கோல் மூலையில் சாய்ந்திருந்தது. வடாம் போடும் காலத்தில் இந்த இரண்டும் சும்மா இருந்து அவர் பார்த்ததே இல்லை. ஹேமாம்புஜம் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் கொல்லைக்கு ஓடினார்.

கூண்டுக்குள், பரண்மேல், பழைய வேஷ்டி ஒன்று விரித்திருந்தது. அதன்மேல் ஓம வடாமும் இலை வடாமும் வரிசை வரிசையாகச் சாயங்கால வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தன. கூண்டின் வெளியே பெருங்கூட்டம். கடுவன் குரங்கு வலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தது. காக்கைகள் பார்த்தன. அணில் பார்த்தது. பூனைகூட வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கூரை வலையில் உட்கார்ந்து, அவருடைய சொந்தக் குருவிகளும் கிளிகளும் கழுத்தை நீட்டி வடாத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றாலும் உள்ளே போக முடியவில்லை. அவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருந்தார் மாஸ்டர்.

"ஹேமா! இது பறவைக்காகக் கட்டினதுடி!"

"ஆமாம்" என்றாள் அவள், பூவும் கையுமாகப் பின்னால் வந்து நின்று. "அதான் பாருங்கோ, ஒரு பறவைகூட வடாத்துக்கிட்ட வரல்லே."

மாஸ்டர் அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு சந்தேகம் பிறந்தது.

"நேத்திக்கு நெஜமாவே கருடன் வந்துதா?"

"பெருமாள் விஷயத்துல நான் பொய் சொல்லுவேனா? தினம் உச்சிவேளைக்குக் கோபுரத்தைச் சுத்தறதே. நீங்க பள்ளிக்கூடத்துல இருப்பேள், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாஸ்டர் கூண்டைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். பரணின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு விரற்கடை மிஞ்சாமல் குறையாமல் படிந்து கிடந்த வேஷ்டியைப் பார்த்தார். அது அவருடைய எட்டு முழ வேஷ்டி. அளவு பார்த்தே பிழைக்கிற மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

ஹேமாம்புஜம் பாதி காய்ந்த வடாம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். "உப்பு சரியா இருக்கான்னு பாருங்கோ. எட்டு முழம் எந்தக் குருவிக்குன்னா வேணும்? படம் போட்டவர் நீங்க, நீங்கன்னா அன்னிக்கே கேட்டிருக்கணும்!"