செர்ரி மரத்துக்குப் பன்னீர்

ஒரு மரத்தைக் கொன்றவன் நான். அதை மறைத்தவனும் நானே. இரண்டில் எதற்கு இன்னும் கூசுகிறேன் என்று கேட்டால், இரண்டாவதற்குத்தான்.

சேந்தமங்கலம் பக்கம் எனக்குக் கோழிப்பண்ணை. முட்டையைத் தரம் பிரிக்கும் இயந்திரம் பொருத்த ஜப்பானிலிருந்து கென்ஜி என்ற இளைஞன் வந்தான். நான்கு மாதம் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். என் மனைவி சரஸ்வதியைப் போலவே எல்லோரையும் ‘சாமி’ என்று கூப்பிடப் பழகிக்கொண்டான் (இயந்திரத்தையும் சேர்த்து). ஊருக்குத் திரும்பிய மறு வருடமே நோயில் இறந்துபோனான். எனக்கு ஒரு தம்பி போன மாதிரி இருந்தது.

அடுத்த தை மாதம் அவனுடைய அப்பா ஒரு செர்ரிக் கன்றோடு வந்தார். கென்ஜி பிறந்தபோது நட்ட மரத்திலிருந்து எடுத்த கன்று. அவன் சந்தோஷமாக இருந்த இடத்தில் அது வளரட்டும் என்றார். பூக்க ஐந்தாறு வருடம் ஆகும் என்று, மொழிபெயர்க்க அவரோடு வந்திருந்த பெண் சொன்னாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். “எங்க ஊரு எருவுக்கு அடுத்த வருசமே பூக்குமுங்க” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் கிளம்பியதும் கொட்டகையிலிருந்து நாலு கூடை கோழி எருவை அள்ளி வந்தேன்.

“ஏனுங்க, பச்சை எருவுங்க அது. கன்னு சூடு தாங்காதுங்க. ஆறட்டும்,” என்றாள் சரஸ்வதி.

“அம்மிணி, கோழியைப் பத்தி எனக்கே சொல்றயா?”

பத்தே நாளில் இலைகள் கருகின. பங்குனிக்குள் அது வெறும் குச்சி. பெரியவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நட்ட அன்று எடுத்த பன்னிரண்டு படங்களை மாதம் ஒன்றாக அனுப்பினேன். ‘நன்றாக இருக்கிறது’ என்று கீழே எழுதினேன். பன்னிரண்டிலும் நான் அதே சட்டையில் நிற்கிறேன் என்பதைச் சரஸ்வதிதான் கண்டுபிடித்தாள்.

படங்கள் தீர்ந்தபோது, பூப்பதைப் பார்க்க வருகிறேன் என்று பெரியவர் எழுதினார். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. இரு நாட்டு நட்பு விழா என்று எங்கள் வாசலில் பந்தல் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் காகித விளக்கு கட்டினார்கள், உருமி மேளத்துக்குச் சொல்லியாயிற்று. அவர் வந்த அன்று காலை நான் தோட்டத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ரோஸ் நிறக் காகிதத்தில் பூ வெட்டி, அந்தக் குச்சி முழுக்கப் பசை போட்டு ஒட்டினேன்.

தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியவர் நேராக மரத்திடம் போய் நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். மேளம் உச்சத்துக்குப் போனது. விருந்தாளிக்குப் பன்னீர் தெளிக்காமல் விடுவது எங்கள் வழக்கமா? என் மச்சான் மனைவி செம்பைத் தூக்கித் தாராளமாகத் தெளித்தாள், அவருக்கும் மரத்துக்கும்.

சாயம் இளகியது. பூக்கள் துவண்டு, குச்சி வழியாக ரோஸ் நிறத் தண்ணீர் வடிந்து அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் இறங்கியது. மேளங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“எப்போது இறந்தது என்று கேட்கிறார்,” என்றாள் மொழிபெயர்த்த பெண்.

“போன வருசம் பங்குனிலீங்க. நான்தானுங்க கொன்னுட்டேன்.”

அவர் நனைந்த சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னாள்: “கென்ஜியும் இப்படித்தானாம். ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே பழைய படங்களை அனுப்பி, நன்றாக இருக்கிறேன் என்று எழுதினானாம். இவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டதாம்.”

ஊர் முன்னால் அழுதேன். அவர் நனையாத ஒரு காகிதப் பூவைப் பறித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது ‘நல்லாருக்கேன்’ என்றால், “பன்னீர் தெளிச்சுப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். போன மாதம் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருந்தது. ஒன்றுமில்லை, நல்லாருக்கேன் என்றேன். சரஸ்வதி சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தப் பன்னீர்ச் செம்பை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

வலிக்கிறது என்று சொன்னேன். ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டர்.