புதுவண்டியின் தொண்டை

சைனுதீன் வீட்டுக்குள் நுழைந்தபோது குடும்பமே நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான்.

"நான் வண்டியை நிறுத்தி எறங்கறதுக்குள்ள கஞ்சியா? ஒரு நிமிசம் பொறுக்க முடியலையா?"

"வெடி கேட்டாச்சுங்க," என்று கதீஜா அவருக்கும் ஒரு கோப்பையை நீட்டினாள். "கேட்டப்புறம் தாமசிக்கக் கூடாது."

"எனக்குக் கேக்கல."

"அந்த வண்டிக்குள்ள உக்காந்திருந்தா இடி விழுந்தாலும் கேக்காது."

நோன்பு மாதத்தில் அந்தி சாய்ந்ததும் பள்ளிவாசல் மோதினார் பாங்கு சொல்லிவிட்டு, இரும்புக் குழலில் மருந்து இடித்து ஒரு வெடி போடுவார். பாங்குச் சத்தம் பக்கத்துச் சந்தோடு நின்றுவிடும். வெடிதான் ஊர் முழுக்கப் போகும். அதைக் கேட்ட பிறகே பாலக்காட்டின் அந்த மூலையில் யார் தொண்டையிலும் தண்ணீர் இறங்கும்.

சைனுதீன் கோபத்தோடு கஞ்சியை விழுங்கினார். எல்லாம் அந்த வண்டியால் வந்தது. புது பிக்கப் வண்டி வாங்கியது தப்பில்லை. அதை மிக்கேல்ராஜிடம் காட்டியதுதான் தப்பு.

நல்லேப்பிள்ளியில் அரிசி மூட்டை ஏற்றி வரும்போது ஒரு மேட்டில் வண்டி திணறியது. பின்னால் வந்த மாட்டுவண்டி நிதானமாக முந்திப் போனது. போனதோடு விடாமல் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, கயிறு வேணுங்களா?" என்றான். அன்றைக்கே சைனுதீன் நேராக ஒர்க் ஷாப்புக்குப் போய்விட்டார்.

மிக்கேல்ராஜ் மூடியைத் திறந்து பார்த்து, டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"எஞ்சின்ல குத்தமில்லீங்க மொதலாளி. தொண்டைதான் சின்னது. நாலு சிலிண்டர் புகையும் ஒரே வார்ப்புக் குழாய்ல முட்டி மோதுது. ஒவ்வொண்ணுக்கும் தனிக் குழாய் வளைச்சுக் குடுத்து, சைலன்சரையும் கழட்டி எறிஞ்சுட்டா வண்டி பறக்கும்."

வண்டி பறக்கவில்லை. கத்தியது. மேட்டில் முன்னை விடக் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஏறியது உண்மை. ஆனால் அது மேடேறுவது கொழிஞ்சாம்பாறை வரைக்கும் தெரிந்தது.

பக்கத்து வீட்டில்தான் கதீஜாவின் அக்கா ஐசும்மா இருந்தாள். மறுநாள் காலை வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"மாப்ளே, எங்கோழி முட்டை வெக்கறதையே மறந்துபோச்சு. எம்பொறந்தவ ஊட்டுக்காரருன்னு பாக்கறேன்."

சைனுதீன் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"நோன்புங்க," என்றாள் கதீஜா உள்ளிருந்து.

வாயை மூடிக்கொண்டார். நோன்பு திறந்த பிறகு திட்டிக்கொள்ளலாம் என்று எண்ணினார். நோன்பு திறந்ததும் பசிதான் முன்னால் நின்றது. திட்டாத கோபம் நாளுக்கு நாள் உள்ளே சேர்ந்துகொண்டே போனது.

மிக்கேல்ராஜ் இரண்டாவது வைத்தியம் பார்த்தான். ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ஓட்டை போட்டு, இரும்புச் சுருளை அடைத்து, புகைக்குழாயின் வாயில் மாட்டினான்.

"இனிப் பூனை மாதிரி வருமுங்க."

இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஆனால் பள்ளிவாசல் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எரியாத பெட்ரோல் புகை டின்னுக்குள் தங்கி, 'டமார்' என்று ஒரே ஒரு முறை வெடித்தது. தினமும் சாயங்காலம், அதே இறக்கத்தில். சைனுதீன் அவமானத்தில் இதை வீட்டில் சொல்லவில்லை. மிக்கேல்ராஜிடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"முந்தி வழி பூராக் கத்துச்சு, இப்ப ஒரு தடவைதானுங்களே," என்றான் அவன் திருப்தியாக.

அந்த ஒரு தடவையில் மாட்டியவர் முகம்மது குட்டி ராவுத்தர். நல்லேப்பிள்ளிக்காரர். சைனுதீன் மகள் நபீஸாவைத் தம் மகனுக்குக் கேட்டிருந்தவர். ஏதோ வேலையாக டவுனுக்கு வந்தவரின் ஜட்கா இறக்கத்தில் நின்றிருந்தது. டமார் கேட்டதும் குதிரை அவரையும் இழுத்துக்கொண்டு சேற்று வயலுக்குள் பாய்ந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மூன்றும் ஒரே நிறமாயின.

வெள்ளிக்கிழமை காலையில் ஐசும்மாதான் சேதி கொண்டுவந்தாள்.

"இன்னைக்கே நோன்பு தொறக்க வர்றாராம். சத்தமில்லாத ஊடுன்னு தெரிஞ்சாத்தான் பேச்சாம். இல்லேன்னா வேற எடம் பாப்பாராம்."

கதவுக்குப் பின்னால் நின்ற நபீஸாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. சைனுதீன் அதைக் கேட்டார். குடையைக்கூட எடுக்காமல், இடவப்பாதி மழையில் ஒர்க் ஷாப்புக்கு வண்டியை விரட்டினார்.

"பழைய குழாய், பழைய சைலன்சர், அத்தனையும் மாட்டு. பேசாத. நீ பேசுனா எனக்கு நோன்பு போயிரும்."

அன்று சாயங்காலம் முகம்மது குட்டியைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து சைனுதீனே அழைத்துவந்தார். வண்டி இறக்கத்தில் மூச்சு விடாமல் இறங்கியது. பள்ளிவாசல் படியில் நின்ற மோதினார் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். சைனுதீன் பெருமையோடு ஒரு சலாம் வைத்தார்.

"பரவால்ல," என்றார் முகம்மது குட்டி. "வண்டி ஓடறதே தெரியல."

பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, இறைச்சி எல்லாம் பரப்பியாயிற்று. வெடி வரவில்லை. வானம் இருண்டது. கஞ்சியில் ஏடு படிந்தது.

"கடியாரப்படி நேரம் ஆயிருச்சுங்க," என்றார் சைனுதீன் மெதுவாக.

"கடியாரம் மனுசன் பண்ணுனது. வெடி கேக்காம நான் வாயில வெக்க மாட்டேன்."

"வெடியும் மனுசன் போடறதுதானே," என்று கதீஜா உள்ளே முணுமுணுத்தாள்.

மேலும் இருட்டியது. முகம்மது குட்டி பேரீச்சம்பழத்தைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"பொண்ணு கேட்டு வந்தவனப் பட்டினி போடறது எங்கூர்ல பழக்கமில்ல." தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"உக்காருங்க. இதா வந்தர்றேன்."

சைனுதீன் தெருவில் இறங்கினார். வாசலுக்கு வாசல் கையில் பேரீச்சம்பழத்தோடு ஆட்கள் நின்றார்கள். "அந்த மோதினார் தூங்கிட்டாரா?" என்று ஒருவர் கத்தினார். இரண்டு மூன்று பேர் பின்னாலேயே வந்தார்கள். மாட்டுவண்டிக்காரன், மிக்கேல்ராஜ், ஐசும்மாவின் கோழி, எல்லாருக்குமாகச் சேர்த்துவைத்த கோபம் பள்ளிவாசல் படியேறும்போது தொண்டைக்கு வந்துவிட்டது.

"என்னய்யா மோதினார் நீ? எம்பொண்ணு வாழ்க்கை இலையில ஆறிட்டுக் கெடக்குது. ஒரு வெடி போட வக்கில்லையா? இந்த வேலையும் இல்லாம ஒனக்கு என்னதான் வேலை?"

கிழவர் அவர் முடிக்கும் வரை காத்திருந்தார். அவர் முகத்தில் அதைவிடப் பெரிய கோபம் இருந்தது.

"மருந்து மழையில நனைஞ்சு ரொம்ப நாளாச்சு சைனுதீன் ராவுத்தரே. நான் பாங்கு சொல்லி முடிக்கவும் நீங்க எறக்கத்துல வரவும் சரியா இருந்துச்சு, ஊரே அதக் கேட்டுத்தான் நோன்பு தொறந்துட்டிருக்குது. இன்னைக்கு ரெண்டு கையும் ஆட்டிக் கேக்கறேன், சலாம் வெச்சுட்டுப் போறீங்களே, ஏன் வெடிக்கல?"