செல்வி அக்காவுக்கு இருபத்திரண்டு வயது

அரைகுறையாகப் படித்ததை வைத்துக்கொண்டு வீட்டோடு சும்மா இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் சும்மா இருக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். மதுரை கே.கே. நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவாஸ்கிரிப்ட் படித்தேன். இரண்டாவது மாதமே அங்கேயே பாடம் எடுக்கவும் ஆரம்பித்தேன். (எடுத்துக்கொண்டிருந்த வாத்தியார் சென்னைக்குப் போய்விட்டார். அதுதான் என் தகுதி.) ஆப்ஜெக்ட் என்ற சொல்லுக்குப் 'பொருள்' என்று தமிழ் எழுதிப் போட்டு, ஒரு பொருளுக்குள் பெயர், வயது, படிப்பு எல்லாவற்றையும் அடுக்கி வைக்கலாம் என்று கரும்பலகை முன்னால் முழங்குவேன்.

என் பெரியப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவர். அவர் தராசில் நிறுத்ததற்கு யாரும் மறு எடை கேட்டதில்லை. அவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் செல்வி அக்கா, வயது இருபத்தொன்பது, பத்தாவது வரை படித்துவிட்டுத் தையல் தைத்துக்கொண்டிருந்தாள். இளையவள் கவிதா, இருபத்திரண்டு, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அக்காவின் கல்யாணத்துக்காகத் தரகர்களிடம் நடந்து பெரியப்பாவின் செருப்பு தேய்ந்ததைப் பார்த்து நான்தான் வாயை விட்டேன்.

"இன்டர்நெட்ல அக்காவுக்கு ஒரு பக்கம் போட்டுருவோம் பெரியப்பா. அம்புட்டுப் பேரும் பாப்பாக."

அவர் விவரங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தார். வயதைக் குறைத்துப் போடலாமா என்று பெரியம்மா கேட்டதற்கு, "இருக்கிறதப் போடு" என்றார்.

அக்காவின் பெயரையும் போட்டோவையும் பக்கத்தில் நேராகப் போட்டேன். மற்ற விவரங்களை 'பெரியவள்' என்ற பொருளுக்குள் வைத்தேன். பக்கத்தைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரி. அதோடு விட்டிருக்கலாம். யாரும் கேட்காமலேயே மறுநாள் கவிதாவுக்கும் ஒரு பக்கம் போட உட்கார்ந்தேன். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. எதற்கு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும்? இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அதே கோப்பில் 'சின்னவள் = பெரியவள்' என்று ஒரு வரி எழுதினேன். ஒரு நகல் வந்துவிட்டது என்று நினைத்து, சின்னவளுடைய வயதையும் படிப்பையும் மாற்றினேன். கவிதாவின் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு எழுந்தேன்.

பெரியப்பா அக்கா பக்கத்தின் முகவரியைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, மார்க்கெட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் திருமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்துமூன்று வயது, எலக்ட்ரிக்கல் கடை. நான் இஸ்திரி போட்ட சட்டையோடு, பாராட்டை வாங்கிக்கொள்ள வசதியாக வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா மாப்பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் காப்பி கொடுத்தாள்.

"காலேஜு எங்கம்மா படிச்ச?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"நான் பத்தாவதுதாங்க. தையல் தெரியும்."

கூட வந்த தாய்மாமன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்தது. "இதுல பி.எஸ்சி.ன்னு இருக்கு. வயசு இருபத்திரண்டாம்."

"இருபத்தொம்பதுங்க. அப்பிடித்தான எழுதிக் குடுத்தேன்" என்ற பெரியப்பா என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

தவறு நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். நான் வாத்தியார் ஆயிற்றே, விளக்கினேன்.

"அது வந்து மாமா, செல்வி ஒரு பொருள், கவிதா இன்னொரு பொருள். ரெண்டுக்கும் நடுவுல ஏதோ கோளாறு..."

"ஏப்பா, பொம்பளப் பிள்ளைகளப் பொருள்ங்கிற?"

"இல்ல மாமா, ஜாவாஸ்கிரிப்ட்ல எல்லாருமே பொருள்தான். நீங்களும் பொருள்தான்."

தாய்மாமன் தாளை நான்காக மடித்தார். "தராசுல நியாயமான ஆளுன்னு ஊரே சொல்லுச்சு. மக வயசுல ஏழு வருசத்தக் குறைச்சுட்டாரே" என்றார். கேசரித் தட்டுகள் அப்படியே இருந்தன. வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அம்மா பெரியம்மாவிடம் மெதுவாகச் சொன்னார், "வயசு எங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. பொய்யாப் போச்சே, அதுதான்."

கோளாறைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தவள் கவிதா. "நீ நகலே எடுக்கலண்ணே. இருக்கிற ஒண்ணுக்கே ரெண்டாவதா ஒரு பேரு வச்சிருக்க. சின்னவளை மாத்துனா பெரியவளும் மாறத்தான செய்யும்" என்றாள். பிறகு, "எனக்கு யாரக் கேட்டு பக்கம் போட்ட?" என்றும் கேட்டாள்.

அடுத்த வாரமே திருமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். மாப்பிள்ளை கடையில் இருந்தார். இந்த முறை பொருள் கிருள் என்று எதுவும் சொல்லாமல், தப்பு என்னுடையது, பெரியப்பா உண்மையைத்தான் எழுதிக் கொடுத்தார் என்று மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "முந்தாநாள்தான் வேற எடத்துல பேசி முடிச்சாக தம்பி" என்றார்.

செல்வி அக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்து திண்டுக்கல்லில் கல்யாணம் ஆனது. நல்ல மனுஷர், குறையொன்றும் இல்லை. ஒருநாள் தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டே, யாரைப் பற்றி என்று சொல்லாமல், "காப்பிய ரெண்டு கையாலயும் வாங்குனாரு, கவனிச்சியா தம்பி?" என்றாள். நான் கவனித்திருக்கவில்லை. நான் அப்போது பாராட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அக்கா தன் மகளின் கல்லூரி விண்ணப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெயர், வயது, பிறந்த தேதி எல்லாம் அவளே குண்டு குண்டாக எழுதியிருந்தாள். தாளை என் முன்னால் மேஜையில் விரித்தாள்.

"படிச்சுப் பாரு தம்பி. கை மட்டும் வச்சிராத."

வீடே சிரித்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, முதல் வரியிலிருந்து படித்தேன்.