பீச் பழ நிறத்தில் ஒரு தோலாடை

தோலாடைப் பண்டிதர் என்றொரு மனித வகை உண்டு. ஸ்பீட்வே மைதானம் இருக்கும் ஊர்களில் மட்டுமே இவர் விளைவார். வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்கு முதல் பந்தயம் என்றால் ஆறரைக்கே வேலியோரம் இடம் பிடித்து, கையில் பந்தய அட்டையும் குடுவையில் தேநீருமாக நிற்பார். பிரேக்கே இல்லாத நான்கு மோட்டார் சைக்கிள்கள் பின்சக்கரம் சறுக்க, செஞ்சரளையை வாரி இறைத்துக்கொண்டு நான்கு சுற்று ஓடி முடிக்க ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். அந்த ஒரு நிமிடமும் ஊரே யார் முந்துகிறான் என்று பார்க்கும். பண்டிதர் ஓட்டுநர்களின் தோல் கால்சட்டையைப் பார்ப்பார்.

"அந்தச் சிவப்புக் கோடு போன வருஷம் முழங்காலுக்கு மேல இருந்துச்சு" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தவறிக்கூட அவரிடம் "அந்தக் காலத்துல எல்லாரும் கறுப்புதானே?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டீர்களோ, கறுப்புதான், ஆனால் எந்தக் கறுப்பு என்று ஆரம்பிப்பார். எண்ணெய்க் கறை தெரியாமல் இருக்கத்தான் கறுப்பு என்பார். வெளுத்துப்போன முழங்காலுக்கு ஓட்டுநர்கள் பூட்ஸ் பாலிஷ் தேய்த்த கதையைச் சொல்வார். பிறகு எவனோ ஒரு துணிச்சல்காரன் வெள்ளையில் வந்தது, அவனைப் பார்த்துப் பால்காரன் என்று கூவியவர்களே மறு வருடம் நீலமும் சிவப்பும் கேட்டது, தோலுக்கு நிறம் வந்ததும் அதன்மேல் கடைப் பெயர் வந்தது, முதலில் தொடையில் ஒரு கராஜ், பிறகு தோளில் ஒரு கம்பளக்கடை, கடைசியில் தோலே போய் மெல்லிய செயற்கைத் துணி வந்து, கழுத்திலிருந்து கணுக்கால்வரை விளம்பரம் நிறைந்து, மனிதன் நகராட்சி அறிவிப்புப் பலகையாகிவிட்டது வரைக்கும் சொல்லித்தான் விடுவார். தேநீர் ஆறியிருக்கும். உங்கள் பேருந்து போயிருக்கும்.

இதே மனிதரிடம் அவர் மனைவி ஒருநாள் கேட்டாள்: "கல்யாணத்தன்னிக்கு நான் என்ன கலர்ல டிரஸ் போட்டிருந்தேன்?"

"வெள்ளை."

"நீலம்" என்றாள் அவள்.

இவரைப் பற்றி இத்தனை துல்லியமாக எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

என் பெயர் ஹொரேஸ் ஸ்னெல்லிங். சாட்டர்மியர் ஊரின் சந்தைச் சதுக்கத்தில் பெயிண்டும் சுவர்க் காகிதமும் விற்கும் கடை என்னுடையது. எழுபத்து மூன்றாம் வருடம்வரை எங்கள் ஊர் அணியில் அத்தனை பேரும் கறுப்புதான். எழுபத்து நான்கு வசந்தத்தில் கசாப்புக் கடை கோப்மன் ஒரு காரியம் செய்தான். தனக்குப் பிடித்த ஓட்டுநருக்குப் பச்சைத் தோலாடை தைத்துக் கொடுத்து, இரண்டு தொடையிலும் 'கோப்மன் சாசேஜ்' என்று எழுதிவிட்டான். அந்த வாரம் சனிக்கிழமை மதியத்துக்குள் தன் கடையில் சாசேஜ் தீர்ந்துவிட்டதாக, நான் கேட்காமலே என் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் அணியில் நெவில் தாக்ஸ்டர் என்று ஒருவன். பகலில் டிராக்டர் மெக்கானிக். வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். ஆனால் தொடக்க நாடா மேலே ஏறியதும் அவனைப்போல் பாய்ந்து கிளம்புகிறவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. மற்றவர்கள் கிளட்சை விடுவதற்குள் முதல் வளைவில் இருப்பான். ஓய்வு பெற்ற எவரோ விட்டுப்போன பழைய கறுப்புத் தோலாடைதான் அவனுக்கு. கிழிந்த இடங்களில் அவன் மனைவி மாவிஸ் தன் பழைய கைப்பையை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தாள். நான் அவன் வீட்டுக்குப் போய், புதுத் தோலாடை தருகிறேன், உன் புரவலன் நான் என்று அறிவித்தேன். அவன் முகம் சிவந்து, நன்றி சொல்லி, என் கையை விடாமல் குலுக்கினான். பாவம், நிறத்தைக் கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு.

நிறம் என் பொறுப்பு. பெயிண்ட் வியாபாரியிடம் நிறத்தைப் பற்றி யார் பேசுவது? சிவப்பு சாதாரணம், நீலம் பழசு, பச்சை கோப்மனுடையது. வண்ண அட்டையில் பதினான்காம் எண், பீச் பழ நிறம், யாரிடமும் இல்லை. ஒரு டப்பா மூடியில் பூசித் தையல்காரருக்கு அனுப்பினேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, நிச்சயம்தானா என்று கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார்.

அடுத்தது, பெயரை எங்கே எழுதுவது? மார்பையும் முதுகையும் அணியின் நாரைச் சின்னம் போட்ட மேலாடை மூடிவிடும். கைகளோ குறுகல். தொடையில் எழுதினால் கோப்மனைக் காப்பியடித்ததாகிவிடும். மிச்சமிருந்த அகலமான இடம் எது என்று உங்களுக்கே புரியும். "நெவில்தான் எப்பவும் முன்னால போவான். பின்னால வர்ற மூணு பேரும் என் கடைப் பேரைப் படிச்சுக்கிட்டே வரணும்" என்று என் மனைவி எனிட்டிடம் விளக்கினேன்.

"ரேஸ்ல வர்றவன் இறங்கி வந்து வால்பேப்பர் வாங்கப் போறானா, ஹொரேஸ்?" என்றாள்.

வியாபாரம் அவளுக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

மே மாத முதல் வெள்ளி. மேற்கே சாய்ந்த வெயில் மைதானத்தின் குறுக்கே விழுந்திருந்தது. நெவில் தன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். மூவாயிரம் பேர் அமைதியானார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல், கேலியே இல்லாமல், உண்மையான கவலையோடு கேட்டது: "ஏம்ப்பா, தாக்ஸ்டர் கால்சட்டை போட மறந்துட்டானா?"

தூரத்திலிருந்து பார்த்தால் பீச்சும் எங்கள் ஊர்க்காரர் மேனியும் ஒரே நிறம்; நாரை மேலாடைக்குக் கீழே அவன் ஒன்றுமே போடாததுபோல்தான் இருந்தது. என் கடைப் பெயர் பச்சை குத்தியதுபோல் பின்பக்கத்தில். விசில் அடங்க வெகுநேரமாயிற்று. நான் என்ன செய்தேன்? வெட்கப்பட்டேனா? வேலியோரமாக நடந்துகொண்டே, அது உடம்பு நிறமில்லை, பீச், அட்டையில் பதினாலாம் நம்பர் என்று நாற்பது பேருக்காவது எடுத்துச் சொன்னேன்.

அன்று நெவில் இரண்டு பந்தயம் வென்றான். இரண்டிலும் நான்கு சுற்றும் விசில் அவனைத் துரத்தியது.

அதற்குப் பிறகுதான் விநோதம். அந்தப் பாய்ச்சல்காரன் பாய மறந்துவிட்டான். நாடா ஏறினால் மூவரையும் விட்டுவிட்டுக் கடைசியாகக் கிளம்பினான். முன்னால் போகிறவர்கள் வாரி அடிக்கும் சரளையை முதல் சுற்று முழுக்க உடம்பில் வாங்கிக்கொண்டு, பிறகு விழுந்தடித்து ஓட்டி மூன்றாவதாக வருவான். அணி தோற்றுக்கொண்டே வந்தது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்றிருந்தது: இரண்டாவது பந்தயத்துக்குள் அவன் செங்கல் நிறமாகி, எழுத்தே தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே நான் ஒரு வாளித் தண்ணீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஓட்டுநர்கள் நிற்கும் இடத்துக்குப் போய், "நெவில், கொஞ்சம் குனிப்பா" என்று சொல்லி, சக ஓட்டுநர்கள் பார்க்க, அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிடுவேன்.

இதை எழுதும்போது என் காது சூடாகிறது. அப்போது ஆகவில்லை.

"முன்னால போனாத்தானேப்பா பேரு தெரியும்?" என்றும் கேட்டேன்.

"பார்க்கலாங்க, மிஸ்டர் ஸ்னெல்லிங்" என்றான்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளி. மழையில்லாமல் தளம் காய்ந்து புழுதி கிளம்பிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது பந்தயத்தில், இரண்டாவது வளைவில், வெளியூர் அணிக்காரன் ஒருவன் சறுக்கி விழுந்தான். பின்னால் வந்த இருவர் ஒடித்துத் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கும் பின்னால், புழுதிக்குள் வந்த நெவிலுக்கு எதுவும் தெரியவில்லை. கிடந்த வண்டியில் மோதி, மேலே போய், வேலிப் பலகையில் விழுந்தான். வெளியூர்க்காரன் எழுந்துவிட்டான். நெவில் எழவில்லை.

நாற்பத்தாறு வயதில் வாழ்க்கையில் முதன்முறையாக நான் வேலி தாண்டினேன். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மாவிஸ் அவன் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். ஆம்புலன்ஸ்காரர் அவனைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, தோலாடையை வெட்டி எடுக்கப் பெரிய கத்தரியை எடுத்தார். அப்போது ஒரு குரல் கேட்டது.

"தையல் ஓரமா வெட்டுங்க. எழுத்துல கத்தரி பட்டுடாம."

யார் இந்தப் பைத்தியம் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

மாவிஸ் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர் கணுக்காலிலிருந்து இடுப்புவரை நேராக வெட்டினார். 'ஸ்னெல்' ஒரு பக்கமும் 'லிங்' ஒரு பக்கமும் ஆயிற்று.

காறை எலும்பும் இரண்டு விலாவும் இடது கணுக்காலும் போயிருந்தன. மறுநாள் காலை திராட்சைப் பையோடு மருத்துவமனைக்குப் போனேன். நடையில் மாவிஸ் உட்கார்ந்திருந்தாள். முகம் கொடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"அவருக்கு ஸ்டார்ட் மறந்துபோச்சுன்னு நினைச்சீங்க, இல்ல?" என்றாள். "மறக்கல. முதல் சுத்துல வேணும்னே பின்னால நின்னார். சரளை பட்டு அந்தக் கலர் மறையட்டும்னு. மறைஞ்சதுக்கப்புறம்தான் ஓட்டவே ஆரம்பிப்பார். அடுத்த ரேஸுக்கு முன்னால நீங்க வாளியைத் தூக்கிட்டு வந்து தொடைச்சு விட்டுருவீங்க. மறுபடியும் முதல்லேருந்து."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாலு தடவை உங்க கடை வாசல்வரைக்கும் வந்தார். கடைக் கண்ணாடியில அவர் போட்டோவைப் பெருசா மாட்டி, பக்கத்துல நீங்க நின்னு யாருக்கோ காட்டிக்கிட்டிருந்தீங்களாம். இவ்வளவு சந்தோஷமா இருக்காரேன்னு திரும்பி வந்துட்டார்."

உள்ளே போனேன். கட்டுகளுக்கு நடுவிலிருந்து நெவில் கண்ணைத் திறந்தான். "மன்னிச்சுக்குங்க, மிஸ்டர் ஸ்னெல்லிங். லெதர் பாழாப்போச்சு" என்றான்.

கால்சட்டைக் கோடு ஒன்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசக்கூடிய நான், கட்டிலருகே உட்கார்ந்து, கொண்டுபோன திராட்சையை முழுக்க நானே தின்று தீர்த்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில், வெட்டுப்பட்ட துண்டுகளை அளவுக்கு அனுப்பி, புதிதாக ஒரு தோலாடை தைக்கச் சொன்னேன். கறுப்பு. எழுத்து கிடையாது. பிப்ரவரியில் அதை எடுத்துக்கொண்டு எனிட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நெவில் தடவிப் பார்த்து, நல்ல தோல் என்றான். மாவிஸ் அதைச் சமையலறை மேசைமேல் விரித்து, முன்னும் பின்னும் புரட்டினாள். கையை விட்டு உள்பக்கத்தை வெளியே எடுத்தாள். பையைத் தடவினாள். கழுத்துப் பட்டையைத் திருப்பினாள். அங்கே விரற்கடை அகலத்தில், பீச் நிறத்தில், ஒரு துணிச்சீட்டு.

"இது என்ன?"

"அது… தைச்சவர் பேரு. பழக்கத்துல வச்சிருப்பார்."

"தைச்சவர் பேரும் ஸ்னெல்லிங்கா?"

எனிட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாவிஸ் ஊசிப் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, சீட்டை ஒரு தட்டில் என் முன்னால் வைத்து, அதன் பக்கத்திலேயே ஒரு துண்டு இஞ்சி கேக்கும் வைத்தாள். நெவில் சிரித்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவன் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

ஈஸ்டர் வாரத்தில் பந்தயங்கள் தொடங்கின. அதற்குள் அணியில் எல்லோருக்கும் ஒவ்வொரு புரவலர் கிடைத்து, கிளிக்கூட்டம் மாதிரி வந்து நின்றார்கள். நெவில் ஒருவன்தான் கறுப்பு. நாடா ஏறியது. பாய்ந்தான். முதல் வளைவில் அவன் முன்னால் யாருமில்லை. அவன்மேல் ஒரு பொட்டுச் சரளைகூடப் படவில்லை. என் பக்கத்தில் நின்றிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் மூச்சுவிட மறந்து கேட்டார்: "யாருங்க அந்தக் கறுப்புத் தோலாடை?"

நல்ல மனிதன் என்ன செய்திருப்பான்? பெயரைச் சொல்லிவிட்டுப் பந்தயத்தைப் பார்த்திருப்பான். நான் அவர் பக்கம் திரும்பி, "அது வந்துங்க, எழுபத்து மூணு வரைக்கும் இங்க எல்லாருமே கறுப்புதான்" என்று ஆரம்பித்தேன். பூட்ஸ் பாலிஷைத் தாண்டி வெள்ளைக்கு வருவதற்குள் மைதானம் எழுந்து ஆர்ப்பரித்தது. நெவில் வென்றிருந்தான். எப்படி வென்றான் என்பதை எனிட் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சிரித்துவிட்டீர்கள், நல்லது. நீங்கள் மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்த்ததில்லை, யாருக்கும் தோலாடை தைத்துக் கொடுத்ததில்லை, ஆகையால் இந்த வகையில் சேரமாட்டீர்கள். சரிதான். ஆனால் போன பிறந்தநாளுக்கு ஒருவருக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தீர்களே, பிறகு அவரைத் தெருவில் கண்டபோது முகத்தை முதலில் பார்த்தீர்களா, மணிக்கட்டையா? அங்கே அது இல்லை என்றதும், அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டீர்கள்தானே?

பரவாயில்லை. எங்கள் வரிசையில் இன்னும் ஒருவர் நிற்க இடமிருக்கிறது. தேநீர் மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.