ஹாஸ்கெட் ஐயா கேட்ட கடைசி அத்தியாயம்

ஸ்கார்பரோ,
ஆகஸ்ட் 9

மதிப்பிற்குரிய எர்லிண்டா சித்திக்கு,

மரிவிக் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமில்லை. வின்னிபெக்கில் நீங்களும் சித்தப்பாவுமாவது நலமாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்தவர் நீங்கள். ஏஜென்சிக்காரர்கள் உங்களைக் கூப்பிட்டு, சாகக் கிடந்த கிழவரிடம் அவருடைய மகனையே கொலைகாரன் என்று உங்கள் அக்கா மகள் சொன்னாள் என்பார்கள். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதைத் தெரிந்துகொண்டு அவர்களிடம் பேசுங்கள்.

ஹாஸ்கெட் ஐயாவுக்கு எண்பத்து நான்கு வயது. நுரையீரலில் புற்றுநோய். கண்ணும் போய்விட்டதால், மாலையில் அவருடைய மின்நூல் கருவியிலிருந்து துப்பறியும் கதை ஒன்றை நான்தான் வாசித்துக் காட்டுவேன். டாக்டர் இன்னும் பத்து நாள் என்றார். கிழவர் அசரவில்லை; அதற்குள் கதையில் அந்தச் சீமாட்டியைக் கொன்றது யாரென்று தெரிந்தால் போதும் என்றார். இரண்டு அத்தியாயம்தான் பாக்கி. டொராண்டோ வீட்டிலேயே இருந்திருந்தால் எந்த வம்பும் இல்லை. அவர் மகன் கிரெய்க் விடவில்லை. ஆகஸ்ட் நீண்ட வார இறுதிக்குக் குடும்பம் ஏரி வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், அப்பாவுக்கு ஏரி என்றால் உயிர் என்றான். அப்பாவுக்கு ஏரி என்றால் கொசு. அதை என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார், மகனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கட்டில், ஆக்ஸிஜன், கிழவர், நான் எல்லோரும் வண்டியில் ஏறினோம்.

போன அன்று மாலையே கருவி நின்றுவிட்டது. துப்பறிபவர் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்கு வரவழைத்து, "கொலை செய்தது, இதோ இந்தக் கதவருகே நிற்கும்" என்று சொல்கிற இடத்தில் பக்கம் முடிந்தது. எத்தனை முறை விரலால் தேய்த்தும் அடுத்த பக்கம் வரவில்லை. பொத்தானை நாற்பது எண்ணும்வரை அழுத்தினேன், அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே அழுத்தினேன், சார்ஜரில் போட்டேன், கவிழ்த்துத் தட்டினேன். கடைசியில், தண்ணீரில் விழுந்த போனுக்கு நம் வீட்டில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். அந்த வீட்டில் சோறு கிடைக்காது என்று நான் தூக்கிப்போயிருந்த அரிசிப் பைக்குள் புதைத்து வைத்தேன். முழங்கை வரை கையை அரிசிக்குள் விட்டு நின்றபோது கிரெய்க் வந்து பார்த்தான். "உங்க ஊர்ல இதுதான் ரிப்பேர் கடையா?" என்றான். சிரித்துவைத்தேன். என் சம்பளத்தில் சிரிப்பும் அடக்கம்.

அங்கே இணையம் கிடையாது. படகுத்துறையின் நுனியில் நின்றால் மட்டும் போனில் சிக்னல் கிடைக்கும். அந்த நுனி பகல் முழுவதும் கிரெய்க்கின் அலுவலகம். ஏரி வீட்டை விற்க ஆள் பேசிக்கொண்டிருந்தான், வீட்டுக்காரர் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே. பத்து நிமிடம் கொடுங்கள், கதையின் முடிவைத் தேடிப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் ஊர்க் கடையில் காகிதப் புத்தகம் கிடைக்கலாம், காரில் இருபது நிமிடம்தான் என்று கேட்டேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னான்.

"விடுங்க மரிவிக். நாளைக்கு அவருக்கு என்ன கதைன்னே ஞாபகம் இருக்காது."

கிழவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மூச்சு இழுக்க ஆரம்பித்தது. குழாயை விலக்கிவிட்டு, "யாரும்மா அது, கதவுகிட்ட?" என்றார். நின்றுபோன கருவியை மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் ஆரம்பித்தேன். சீமாட்டியின் மகன் என்றேன். சத்தியமாக, யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, வாய்க்கு வந்தது அதுதான். அதற்கப்புறம் வாய் நிற்கவில்லை, சித்தி. அந்த மகன் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான், வந்தால் கையெழுத்து வாங்கத் தாளோடு வருவான், அம்மா தண்ணீர் கேட்டால் வேலைக்காரியைக் கூப்பிடுவான், பகல் பூராவும் படகுத்துறையில் போன் பேசுவான் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டேன்.

"நூறு வருஷத்துக்கு முந்தின கதை. அதுல போனா?"

"பணக்கார வீடு சார். இருந்திருக்கும்."

கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். வாயைத் துடைத்துவிட்டேன். எதற்காகக் கொன்றான் என்று கேட்டார்.

"கொல்லணும்னு இல்ல சார். அவனால காத்திருக்க முடியல."

அப்போதுதான் பார்த்தேன், கிரெய்க் பீர் பாட்டிலோடு வாசலில் நின்றிருந்தான். கிழவரும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். கண்தான் தெரியாது, காது கேட்கும். "நல்ல முடிவு," என்றார். அவ்வளவுதான். திங்கள் காலை போய்விட்டார். செவ்வாய் மதியம், அவருடைய படுக்கை விரிப்பை நான் துவைத்து மடித்த பிறகு, கிரெய்க் என்னை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டான். நோயாளியின் மனதைக் கெடுத்தாள் என்று ஏஜென்சிக்கு எழுதிவிட்டான். கெட்டுப்போனதுதானே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கருவியை என்னிடம் நீட்டினான். பதினான்கு மாதம் அவன் அப்பாவுக்கு மலம் துடைத்ததற்கு அதுதான் நன்றி.

சித்தி, ஏஜென்சியிடம் பேசுங்கள். அவள் சொன்னது பொய்தான், ஆனால் சாகிறவர் கேட்ட ஒரே ஒன்றை அந்த வீட்டில் கொடுத்தது அவள்தான் என்று சொல்லுங்கள்.

சித்தப்பாவின் முழங்கால்வலியை நான் விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். வீட்டிலுள்ள குழந்தை யேசு சிலைக்கு முன் என் பெயரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவும்.

உங்கள் பாதம் தொடும்,
மரிவிக்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கருவி தானாகவே உயிர் பெற்றுவிட்டது. அடுத்த பக்கத்தைப் படித்தேன். கதவருகே நின்றது நர்ஸ், என்னைப்போல அந்த வீட்டில் சம்பளத்துக்கு நோயாளியைப் பார்த்தவள். பாலில் விஷம் வைத்திருக்கிறாள். அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, கண் நன்றாக இருந்த காலத்தில் கிழவர் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார். தேதி ஏழு வருஷத்துக்கு முந்தையது. "முதல் அத்தியாயத்திலிருந்தே எனக்கு இவள்மேல்தான் சந்தேகம்." மறந்துபோய்க் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா, எனக்குப் புரியவில்லை. ஏஜென்சியிடம் எதுவும் பேச வேண்டாம், சித்தி. வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன். அங்கே எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.