எவாரிஸ்தோ ஐயாவின் கண்ணீரும் என் கடை மிளகாயும்

அன்பு மாறாத சொராய்தா அக்காவுக்கு,

அரெக்கிபாவிலிருந்து உன் தங்கை எர்மெலிந்தா எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் தாக்னாவில் ஒரு குறையுமில்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்தத் தேர்தல் விட்டால்தானே? ஜனாதிபதி ஆகப்போகிறேன் என்று கிளம்பியிருக்கிறவர்களை நீ தொலைக்காட்சியில் பார்க்கிறாய். நான் என் சாப்பாட்டுக் கடையில், எச்சில் தட்டும் கையுமாகப் பார்க்கிறேன். அந்த அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளவில்லை.

முதலில் வந்தவர் ஒரு பழைய தளபதி. படம் நன்றாக விழவேண்டும் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பக்கத்து வீட்டு கசிமிரா, சளி பிடித்த தன் கினிப்பன்றியைச் சால்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். மனிதர் அதைச் சால்வையோடு வாங்கி, நெற்றியில் முத்தம் கொடுத்து, "அடடா, அப்படியே அம்மா ஜாடை!" என்றார். கசிமிரா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, நான் சிரித்துவிட்டேனாம். அடுத்து வந்த சுரங்க முதலாளி, தான் ஜெயித்தால் கடலை அரெக்கிபாவுக்கே கொண்டுவந்துவிடுவேன் என்றார். "நடுவுல மலை இருக்கே, அத என்ன பண்ணுவீங்க?" என்று என் வீட்டுக்காரர் நிக்கானோர் கேட்டார். "மலைய அந்தாண்ட தள்ளி வெச்சுடலாம்" என்றார், நாற்காலியை நகர்த்தச் சொல்வது போல. இதற்கும் கைதட்டினார்கள், அக்கா!

இதெல்லாம் ஒன்றுமே இல்லை. எவாரிஸ்தோ லாரியேகா வந்தாரே, அங்கேதான் ஆரம்பம். தலைநகர் லீமாக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அதுவரை நாய்கூடச் சீந்தாத வேட்பாளர். கேமராவைப் பார்த்ததும், "எங்க வீட்ல தெனமும் இதான் சாப்பாடு" என்று சொல்லி, கறி அடைத்த ரொக்கோட்டோ மிளகாயை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். "ஐயா, மெதுவா, அது காரம்..." என்று நான் வாய் திறப்பதற்குள் விழுங்கியாகிவிட்டது. முகம் செங்கல்லாகச் சிவந்து, கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது, பேச்சு வரவில்லை. அந்த நேரம் பார்த்து மேட்டுத்தெரு ரூபெர்த்தா, தங்கள் தெருவுக்குக் குழாயே வரவில்லை என்று முறையிட ஆரம்பித்தாள். இவர் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தண்ணி... தண்ணி..." என்று கதறினார். ரூபெர்த்தாவும் கதறினாள். கடையே கதறியது. அன்று சாயங்காலம் நாடு முழுக்க அதே பேச்சு: ஏழைகளின் தண்ணீருக்காகக் கண்ணீர் விட்ட தலைவர்!

நான் சும்மா இருப்பேனா? டி.வி.க்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, அது துக்கம் இல்லப்பா, என் மிளகாய்" என்றேன்.

"அழுதாரா இல்லியா, அத மட்டும் சொல்லுங்கம்மா."

"அழுதாரு, ஆனா..."

"போதும்மா."

ராத்திரிச் செய்தியில் என் முகம் பெரிதாக வந்து, "அழுதாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிற்று. நிக்கானோர் அதைப் பார்த்து எழுந்து நின்றார். மறுநாளே அந்தக் கட்சியில் சேர்ந்து, என் அடுப்புக்கு மேலே எவாரிஸ்தோவின் படத்தையும் ஒட்டிவிட்டார். அப்புறம் வந்த வேட்பாளர்கள் எல்லாம் உட்காருவதற்கு முன்பே மிளகாய் கேட்டார்கள். ஒருவர் விக்கி விக்கி மயங்கியே விழுந்தார்.

கடைசியாக நம் பெர்பெத்துவா டீச்சர் வந்தாள். ஆமாம் அக்கா, அவளும் நிற்கிறாள். நம் தெருவில் பிறந்தவளுக்கு ரொக்கோட்டோ என்ன செய்யும்? ஒன்றை முடித்துவிட்டு, "எர்மி, இன்னொண்ணு போடு, இன்னிக்கு உறைப்பே இல்ல" என்றாள். ரூபெர்த்தா அழுதுகொண்டே குழாய்க் கதையைத் தொடங்க, டீச்சர் வாயைத் துடைத்துக்கொண்டு, எந்தத் தொட்டியிலிருந்து குழாய் இழுக்கலாம், யார் அதைத் தடுக்கிறார்கள் என்று நிதானமாகச் சொன்னாள். மனுக் கொடுத்து அலைந்தவள் ஆயிற்றே, அவளுக்குத் தெரியாதா? ரூபெர்த்தா என்ன சொன்னாள் தெரியுமா? "ஒரு சொட்டுக்கூட அழத் தெரியல, இவ எப்பிடி நாட்ட ஆளுவா?" சாயங்காலச் செய்தியில் டீச்சருக்குப் பெயர் கல்நெஞ்சக்காரி. அவளிடம் எழுத்துப் படித்தவர்களே அவளைப் பார்த்ததும் தெருவின் மறுபக்கம் போனார்கள். அந்த ஆளின் கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஊருக்கே காட்டிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

நேற்று எவாரிஸ்தோ மறுபடி வந்தார், கடைசிப் பிரச்சாரம், நாடு முழுக்க நேரடி ஒளிபரப்பு. நான் மிளகாயின் விதை, நரம்பு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். சர்க்கரைத் தண்ணீரில் திரும்பத் திரும்ப வேகவைத்து, பல் முளைக்காத பிள்ளைக்கும் ஊட்டலாம் என்கிற பதத்தில் தட்டில் வைத்தேன். ரூபெர்த்தா தொடங்கினாள். இவர் ஒரு கடி கடித்தார், காத்திருந்தார், கண் காய்ந்து கிடந்தது. இன்னொரு கடி. முகத்தை எல்லாக் கோணத்திலும் சுளித்துப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் குனிந்து, "அம்மா, கொஞ்சம் காரமா ஒண்ணு குடுங்களேன், அழுகை வரமாட்டேங்குது" என்றார். சட்டையில் ஒலிவாங்கி இருந்ததை மறந்துவிட்டார்! வெளியே கூட்டம் ஊளையிட்டது. அவர் பின்வாசல் வழியாகத்தான் போனார். நிக்கானோர் என்னை முறைத்து, "நீ நாட்டையே கொன்னுட்ட" என்றார். முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனிதர் பேசுகிற பேச்சா இது? ஆனால் எனக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை நீயும் அத்தானும் கண்ணை மூடிக்கொண்டு டீச்சருக்கே ஓட்டுப் போடுங்கள். அந்த அழுமூஞ்சியின் பெயர்கூட இனி என் வீட்டில் கேட்கக்கூடாது.

அத்தானின் முட்டிவலிக்கு மாதா துணையிருக்கட்டும். குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

என்றும் உன் தங்கை,
எர்மெலிந்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வானொலியில் எவாரிஸ்தோ பேசினார். "ஆமா, எனக்கு அழுகை வரல. உங்க கண்ணீரையெல்லாம் நானே அழுது தீத்துட்டேன். இனிமே நீங்க சிரிக்கிற காலம்" என்றார். நிக்கானோர் கேவிக் கேவி அழுகிறார். தெருவெல்லாம் அழுகைச் சத்தம். சொல்ல வெட்கமாக இருக்கிறது அக்கா, நானும் அழுதுவிட்டேன். பக்கத்தில் மிளகாய் இல்லை, வெங்காயம்கூட நறுக்கவில்லை. டீச்சர் நல்லவள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை நீ கொஞ்சம் யோசித்தே செய்.