அக்காவை ஏற்றிவர வாங்கிய கார்

ஜெயபுரம்,
பூநகரி.
ஆவணி, மழையில்லாத ஒரு நாள்.

தாய்க்குத் தாயாக என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த ராக்காயி அக்காவுக்கு, தம்பி ராஜரத்தினம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், பெண்சாதி மீனம்மா, இரண்டு பசு, ஒரு கன்று அனைவரும் சுகம். சுகமில்லாதது கார் மட்டும்தான். அங்கு உன் சுகத்தையும், உன் முழங்காலின் சுகத்தையும், கூரைத் தகரத்தின் சுகத்தையும் தனித்தனியாக அறியத் தரவும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் எடுத்தால் நீ சுகம் விசாரிப்பதில்லை. "எப்படா வர்ற?" என்று ஒரே கேள்வி. கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை பேசாமல் இருப்பாய். நீ பேசாமல் இருப்பதுதான் எனக்கு ஆகாது. போன முறை சிக்னல் இல்லாத இடம் பார்த்து நானே வயலுக்குள் நடந்து போனேன். கடிதத்தில் அந்தச் சங்கடம் இல்லை, நான் முடிக்கும்வரை நீ குறுக்கே கேட்க முடியாது. ஆகையால் ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

மச்சானின் கருமாதி முடிந்து நான் புறப்பட்ட அன்று, பிள்ளைகளும் கொழும்பில், நீ ஏன் இங்கே தனியாக, எங்களோடு வந்து இரு என்று கூப்பிட்டேன். நீ என்ன சொன்னாய்? "பஸ்ஸுன்னா வேணாம்ப்பா. கினிகத்தேனை வளைவு தாண்டுறதுக்குள்ள கொடல் வெளிய வந்துரும். நீ ஒரு காரு கொண்டாந்து கூட்டிட்டுப் போ, வர்றேன்" என்றாய். விளையாட்டுக்குச் சொன்னாயோ, வராமல் தப்பச் சொன்னாயோ தெரியாது. நான் வயலில் விளைந்த கச்சான் கடலையை விற்ற கையோடு கார் வாங்கிவிட்டேன். ஜப்பான்காரன் செய்த சின்னக் கார், நன்றாக வயது போனது. கொழும்பில் ஒரு டொக்டர் அம்மா கோயிலுக்கு மட்டும் ஓடிய கார் என்று விற்றவர் சொன்னார். மீற்றரைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாவுக்கு எத்தனை கோயில் என்று யோசித்தேன். கியர் தானாக மாறுகிற கார், அதனால் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. இதையும் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை. பிழை எல்லாம் வயரில். அறுவடை நேரம் வைக்கோல் போரடியில் நிறுத்தி வைத்தேன், எலி உள்ளே போய்க் குடும்பம் நடத்தி, குட்டி போட்டு, வயரைக் கடித்து மெத்தையும் போட்டுவிட்டது. கிளிநொச்சியில் சஜீவன் என்று ஒரு வயறிங் பாஸ் இருக்கிறார், கைராசிக்காரர் என்று பெயர். அவர் வந்து அறுந்ததை எல்லாம் சேர்த்துக் கட்டினார். எதை எதோடு சேர்த்தார் என்பதில்தான் வழக்கு. அதற்குப் பிறகு லைற் போட்டால் வைப்பரும் சேர்ந்து ஆடும். பிரேக் பிடித்தால் ரேடியோ பாடும். இடப்பக்கம் திருப்பினால் ஹோன் அடிக்கும், வலப்பக்கம் திருப்பினால் சத்தமில்லை. அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும். நீ இருக்கவேண்டிய பக்கத்துக் கண்ணாடி இறங்கினது இறங்கினதுதான், ஆகையால் உனக்குக் காற்றுக்குக் குறைவில்லை. பற்றரி லைற் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கிறது என்று காட்டினேன். சஜீவன் குனிந்து அந்தச் சின்னப் பல்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இப்ப எரியேல்லத்தானே அண்ணை?" என்றார். ஓம், எரியவில்லை.

பக்கத்து வளவு வீரகத்தியின் தாயார் மோசம் போனபோது, நடக்க ஏலாத கிழவர்களை ஏற்றிக்கொண்டு பிரேதத்துக்குப் பின்னால் காரை எடுத்தேன். நல்ல காரியம் என்றுதான் எடுத்தேன். சுடலைக்குப் போகிற பாதை இப்படி இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து போகும் என்று நான் அதுவரை கவனிக்கவில்லை. வளைவுக்கு வளைவு ஹோன். பறை அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் நின்றதால் நான் பிரேக் பிடித்தேன். பிரேக் பிடித்ததும் ரேடியோவில் யாரோ ஒரு பெண்பிள்ளை, இன்று பிறந்தநாள் கொண்டாடுகிறவரை நீடூழி வாழ்க என்று வாழ்த்தினாள். வீரகத்தி கொள்ளிக்குடத்தோடு கிட்ட வந்து, "ராசரத்தினம், அம்மாவை நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கிறம். நீர் வீட்டை போம்" என்றார். போனேன். போகிற வழியிலும் வளைவுகள் இருந்தன.

யோசித்துப் பார்த்தால் அக்கா, இந்தக் காரின் பிழை எல்லாம் இங்கேதான் பிழை. உங்கள் மலைப் பக்கத்தில் வளைவில் ஹோன் அடிக்காதவன்தான் மடையன். லைற்றும் வைப்பரும் அங்கே ஒன்றாகத்தான் வேண்டும், பனியும் மழையும் ஓய்வதில்லை. இங்கே காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கர்ர் கர்ர் என்று தேய்க்க, சந்தியில் நிற்கிற பெடியள் "மாமா, எங்க மழை?" என்று கேட்கிறாங்கள். எங்கே மழை என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு லொறியில் ஏறி இங்கே வந்தவன். கிணறு வெட்டினேன், தென்னை வைத்தேன், சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து திரும்பவும் வீடு கட்டினேன். நீ சிரிக்கிற மாதிரி ஓம் என்றும் கதைக்கிறேன் என்றும் பேசவும் பழகிவிட்டேன். ஆனாலும் முதல் தூறல் விழுந்தால் என் மூக்கு உன் அடுப்பின் ஈர விறகுப் புகையைத்தான் தேடுகிறது. என்ன செய்ய, மூக்குக்கு வயது போகவில்லை.

நான் வர முயற்சி செய்யவில்லை என்று மட்டும் நினைக்காதே. தைப்பொங்கலுக்கு வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். வவுனியா மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் எல்லாம் ஒன்றாக நின்றது, ஹோன் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் காரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு லொறியில் ஏற்றினோம். லொறிக்காரர் முன்னால் இடமில்லை என்றதால் நான் மேலே காருக்குள்ளேயே இருந்து வந்தேன். பழக்கத்தில் ஸ்டியரிங்கையும் பிடித்திருந்தேன். எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாம் லைற் அடித்து மரியாதை செய்தார்கள்.

சித்திரை வருசத்துக்கு வருகிறேன் என்று திரும்பவும் வெளிக்கிட்டேன். அக்கராயன் வழியாகப் போய் முறிகண்டியில் பெரிய றோட்டில் ஏறவேண்டும். அந்த றோட்டில் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகாது. பஸ் நிற்கும், லொறி நிற்கும், ஆமி ட்ரக்கும் நிற்கும். நானும் நிறுத்தினேன். எஞ்சினை ஓஃப் பண்ணி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, உனக்கென்று ஒரு கடதாசிச் சரை கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து திறப்பைத் திருப்பினேன். டிக் என்றது. அதோடு சரி. அன்று பொழுதுபடும் வரைக்கும் நான் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு வாங்கிய கச்சானையும் நானே தின்றுவிட்டேன்.

இப்போது சஜீவன் முடிவாகச் சொல்லிவிட்டார். திறப்பைத் திருப்பினால் எஞ்சினை எழுப்பிவிடுகிற செல்ப் மோட்டர் என்று ஒன்று இருக்கிறது. "அண்ணை, அது முடிஞ்சுது. இன்னும் ஒருக்கா அடிச்சாலும் அடிக்கும். அதுக்குப் பிறகு நீங்கள் தலைகீழா நிண்டாலும் அடியாது" என்றார். மீனம்மா உனக்கென்று முன்னறையில் கட்டில் போட்டு, நான் சொன்னேன் என்று ஒரு கம்பளியும் வாங்கி விரித்து வைத்திருந்தாள். "இந்த வெக்கையில கம்பளியோ? உங்கட அக்கா அவிஞ்சு போவா" என்று அன்றைக்கு ஒரே சிரிப்பு. சஜீவன் போன பிறகு அதை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் போய்விட்டது.

ஆகையால் அக்கா, இந்த ஆவணிக்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இனி எந்த மாதத்துக்கும் வேண்டாம். நாளைக் காலை காரை அக்கராயனில் பழைய இரும்பு எடுக்கிறவரிடம் கொண்டுபோய் விடப்போகிறேன், மிச்சமிருக்கிற ஒரு ஸ்டார்ட் அதற்குக் காணும். போகிற வழியில் சந்தித் தபால் பெட்டியில் இதைப் போடுவேன். நீ அங்கேயே இரு, நான் இங்கேயே இருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். தோட்டத்து லயத்தின் கடைசியில், தொங்கல் காம்பராவில் தனியாக இருந்துகொண்டு, ஒரு ஆளுக்கு எதற்கு உலை வைப்பது என்று நீ வெறும் தேத்தண்ணியோடு படுத்துவிடுகிறாய். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். தயவுசெய்து சமைத்துச் சாப்பிடு. நீயும் நானும் ஒரு சட்டியில் போட்டுச் சாப்பிட்டு எவ்வளவு காலம்? அதைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் கடதாசி நனைந்துவிடும், விடுகிறேன்.

எல்லாம் வல்ல மாரியம்மன் உனக்கு நல்ல முழங்காலையும் எனக்கு நல்ல புத்தியையும் தரட்டும். மீனம்மாவின் வணக்கமும் பசுக்களின் விசாரிப்பும்.

உன் காலைத் தொட்டுக் கும்பிடும் தம்பி,
ராஜரத்தினம்

பி.கு.: மேலே எழுதினதை வாசித்து அழுதுகொண்டு நிற்காதே அக்கா, பெற்றோல் எரியுது. காலமை திறப்பைத் திருப்பினன், முதல் அடியிலேயே ஸ்டார்ட். சந்திக்கு வந்தன். தபால் பெட்டிக்கு இறங்கினால் எஞ்சின் நிண்டிடும், நிண்டால் பிறகு இல்லை. வாங்கிப் போட்டுவிட ஒரு சனமும் றோட்டில இல்லை. சரி, அக்கராயனில போடுவம் எண்டு போனன். இரும்புக்காரர் படலையைத் திறந்து வைச்சுக்கொண்டு "வாங்கோ வாங்கோ" எண்டு கையைக் காட்டினார். எனக்குக் கால் பிரேக்குக்குப் போகேல்ல அக்கா. சத்தியமாப் போகேல்ல. அவர் கையைக் காட்டக் காட்ட நான் தாண்டிட்டன். முறிகண்டி வந்தது, அங்கேயும் நிக்கேல்ல. "அப்பனே, உனக்கு இந்தக் காரைத் தெரியும்தானே" எண்டு ஓட ஓடக் கும்பிட்டன். கச்சான் விக்கிற மனுசி எழும்பி நிண்டு பார்த்தா. பிறகு வவுனியா போச்சு, தம்புள்ளை போச்சு, கண்டி போச்சு. எஞ்சின் ஓட ஓடத்தான் பெற்றோல் அடிச்சன், ஷெட்டுக்காரன் சிங்களத்தில ஏசினது முழுக்க எனக்கு விளங்காதது நல்லதாப் போச்சு. ஒண்டுக்கும் இறங்கேல்ல. என்ர வயசுக்கு அது பெரிய காரியம்.

உனக்குச் சொல்லலாம் எண்டு போனைக் காரில சார்ஜுக்குக் குத்தினன், போனும் செத்துப் போச்சு. மீனம்மா நான் இரும்புக்காரரோட தேத்தண்ணி குடிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருப்பாள்.

இப்ப உங்கட தோட்டத்துக்குக் கீழ, றோட்டோரக் கோயிலடியில நிக்கிறன். அந்த மேட்டுக்கு இதை ஏத்த ஏலாது. நடந்து வரவும் ஏலாது. ஒரு கால் பிரேக்கில, ஒரு கால் அக்சிலேட்டரில, கடதாசி ஸ்டியரிங்கில, ரேடியோ தன்ர பாட்டுக்குப் பாடுது. எழுத்து நடுங்கிறது காராலதான். தேயிலைக் கொழுந்து ஏத்திற லொறி ஒண்டு மேல போகுது, டிரைவரிட்ட இதைக் குடுத்து விடுறன், தொங்கல் காம்பரா ராக்காயி எண்டால் அவருக்குத் தெரியுமாம். திரும்பிப் போகேக்க இது வழியில நிண்டாலும் நிக்கும். நிக்கட்டும். நீ உள்ள இருந்தியெண்டால் எந்தக் காட்டில நிண்டாலும் எனக்கு ஒண்டுதான்.

உடுப்பு ஒண்டும் தேடாத. அடுப்பில தண்ணி இருந்தா எறக்கி வச்சுட்டு, கதவச் சாத்திட்டு, முழங்காலு பத்தரம், மெதுவா எறங்கி வா. வந்துட்டேன்க்கா.